“டேங்க்னா டேங்க்தானே?”: பழைய டேங்கர் வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்ட வாசகருக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 42. துறைமுகத்துக்கும் மாதவரத்துக்கும் நடுவே 17 வருடமாகக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். இனியாவது சொந்த வண்டி வேண்டும் என்று ஆசை. மச்சான் மூலமாக ஒரு புரோக்கர் அறிமுகமாகி, 2014 மாடல் டேங்கர் ஒன்றைக் காட்டியிருக்கிறார். ஆறு டயர், இரண்டு அச்சு, மூன்று கம்பார்ட்மென்ட். விலை 8.5 லட்சம். கையில் 3 லட்சம், மனைவியின் நகையை வைத்தால் 2.5 லட்சம், மீதி 3 லட்சத்துக்குத் தனியார் ஃபைனான்ஸ் என்று கணக்குப் போட்டு, ஜிபே-யில் 25,000 ரூபாய் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். ரசீது கிடையாது.

புரோக்கர் சொன்னவை இவை: வண்டியோடு ஆயில் கம்பெனி கான்ட்ராக்டும் வரும். அது தாமதமானால் கோடையில் தண்ணீர் அடிக்கலாம், மற்ற மாதங்களில் துறைமுகத்திலிருந்து பாமாயில், மணலியிலிருந்து ஆசிட். இரண்டு பையன்களை உள்ளே இறக்கிக் கழுவிவிட்டால் எந்த லோடும் போகும். பெயர் மாற்றத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஹெவி லைசென்ஸ் இருப்பதால் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. “லோடுக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், எல்லாரும் செய்யறதுதான்” என்று ஒரு கொசுறும் உண்டு. வாசகரின் மனைவி மட்டும் தீயை நினைத்துப் பயப்படுகிறார். “டேங்க்னா டேங்க்தானே சார், அவ பயம் நியாயமா? வாங்கலாமா, வேணாமா?” என்று முடிகிறது கடிதம்.

அன்பு நண்பரே,

இப்போதைய நிலையில் வாங்காதீர்கள். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஆனால் அவர் பயப்படுவது ஓடுகிற வண்டியைப் பார்த்து. பயப்பட வேண்டிய இடம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். டேங்கர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லாரியைத்தான் பார்க்கிறார்கள்: இன்ஜின், டயர், சேஸிஸ். டேங்கர் தொழிலில் முதலில் முடிவாக வேண்டியது சரக்கு. எந்த உலோகம், எத்தனை அறை, எந்த வால்வு, எந்த லைசென்ஸ், எந்த இன்சூரன்ஸ், டிரைவருக்கு என்ன பயிற்சி என்று எல்லாமே அந்தச் சரக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சரக்கை மாற்றினால் இவை ஒவ்வொன்றும் மாற வேண்டும்.

எம்.எஸ். என்ற இரண்டு எழுத்து

புரோக்கர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக நீங்கள் எழுதியிருக்கும் வரி “12 கே.எல். எம்.எஸ். டேங்க்”. அதை இரும்பு டேங்க் என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பாடி கட்டும் பட்டறையில் எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல்தான். கொருக்குப்பேட்டையிலோ எண்ணூரிலோ ஆயில் டெர்மினல் கேட்டில் போய் எம்.எஸ். என்று சொல்லுங்கள், அது பெட்ரோல். மோட்டார் ஸ்பிரிட் என்பதன் சுருக்கம். டீசலுக்கு அங்கே எச்.எஸ்.டி. என்று பெயர். புரோக்கர் எந்த அர்த்தத்தில் எழுதினாரோ தெரியாது, ஆனால் இந்த வண்டிக்கு இரண்டும் பொருந்தும் போலிருக்கிறது. இரும்பில் செய்த, பெட்ரோல் ஏற்றிய டேங்க். இதில் வேறு என்ன ஏற்றலாம் என்று எடைக் கணக்கிலிருந்து பார்ப்போம்.

12 கே.எல். என்பது 12,000 லிட்டர். லிட்டர் மாறாது, எடை மாறும். 12,000 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 9 டன். டீசல் 10 டன். பாமாயில் 11 டன்னுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் சரியாக 12 டன். காஸ்டிக் சோடா கரைசல், 50 சதவீதம் என்றால் 18 டன். 98 சதவீத கந்தக அமிலம் 22 டன். இந்த ரக இரண்டு அச்சு வண்டிகளின் ஆர்.சி.யில் மொத்த எடை 16,200 கிலோ என்று இருப்பது வழக்கம். காலி வண்டி 6 டன் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது, டீசலுக்கு மட்டுமட்டாக. தண்ணீர் நிரப்பினாலே 18 டன் ஆகிவிடுகிறது. ஆசிட் நிரப்பினால் வண்டி கேட்டைத் தாண்டாது, தாண்டினாலும் பிரேக் பிடிக்காது. ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். திரவத்தை எங்கே இறக்குவீர்கள்?

“பாதி நிரப்பி ஓட்டலாமே” என்று நினைப்பீர்கள். டிரெய்லர் ஓட்டியவருக்கு இது புதிதாக இருக்கும். கன்டெய்னருக்குள் சரக்கு கட்டி வைத்தபடி அசையாமல் இருக்கும். பாதி நிறைந்த டேங்கில் சரக்கு தனியாக ஒரு ஓட்டம் ஓடும். பிரேக் அடித்தால் முன்னே அடித்து, வண்டி நின்ற பிறகும் ஒரு தள்ளு தள்ளும். வளைவில் வெளிப்பக்கம் ஏறி, ஈர்ப்பு மையத்தையும் இழுத்துக்கொண்டு போகும். முழுக்க நிறைந்த அறையும் முழுக்கக் காலியான அறையும்தான் அடக்கமானவை. பெட்ரோலிய டேங்கை அறை அறையாகப் பிரித்திருப்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் வண்டியில் நாலு நாலாக மூன்று அறை இருக்கும். இரண்டு பெட்ரோல் பங்க்குகளுக்கு இறக்க வேண்டியிருந்தால் முன் அறைகளைக் காலி செய்துவிட்டுப் பின் அறை மட்டும் நிறைந்த நிலையில் ஓட்டக் கூடாது. முன் அச்சில் எடை குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். மழை நாளில் எண்ணூர் விரைவுச் சாலையில் அது என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உலோகம். அடர்த்தியான கந்தக அமிலம் சாதா இரும்பை அவ்வளவாக அரிக்காது, மேலே ஒரு உப்புப் படலம் படிந்து காப்பாற்றும். அந்த டேங்கில் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்தால் அமிலம் நீர்த்து, இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதாவது ஆசிட் டேங்கரை அரைகுறையாகக் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சாதா இரும்பு ஆகவே ஆகாது, உள்ளே ரப்பர் லைனிங் வேண்டும் அல்லது ஃபைபர் டேங்க் வேண்டும். காஸ்டிக் சோடா இரும்பில் நிற்கும், அலுமினியத்தில் நிற்காது. மணலியில் “ஆசிட் லோடு” என்று ஒரே சொல்லில் சொல்கிறார்களே, அதற்குள் இத்தனை விதமான வண்டிகள் இருக்கின்றன.

கழுவினால் போகாதது

பாமாயில், தண்ணீர் இரண்டும் வாய்க்குள் போகும் சரக்கு. பெட்ரோல் ஓடிய இரும்பு டேங்கின் உள்சுவரில் துரு செதில் செதிலாக நிற்கும். பெட்ரோல் அந்தச் செதிலுக்குள் ஊறியிருக்கும். மேன்ஹோல் கேஸ்கெட்டிலும் ஹோஸ் ரப்பரிலும் ஊறியிருக்கும். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிய டேங்கை வெயிலில் நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள், வாடை திரும்ப வரும். சமையல் எண்ணெய் ஏற்றும் இடங்களில் உணவுப் பாதுகாப்பு உரிமம் கேட்பார்கள், கழுவிய சான்று கேட்பார்கள், இதற்கு முன் என்ன சரக்கு ஓடியது என்றும் கேட்பார்கள். பெட்ரோல் என்று உண்மையைச் சொன்னால் லோடு கிடைக்காது. பொய் சொல்லி ஏற்றினால், நாளை அந்த எண்ணெய் நிராகரிக்கப்படும்போது முழுச் சரக்கின் விலையும் உங்கள் தலையில். (பாமாயிலிலேயே கெட்டியாக உறையும் ரகம் உண்டு. பாமோலின் சென்னை வெயிலில் ஓடும், ஸ்டியரின் உறைந்துவிடும். அதற்கு உள்ளே சூடாக்கும் காயில் வேண்டும். இந்த வண்டியில் அது இருக்காது.)

தண்ணீர் எளிது என்று தோன்றும். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை எடுக்கவும் லாரியில் கொண்டுபோகவும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதைவிட முக்கியமாக, பெட்ரோல் டேங்கில் குடிக்கிற தண்ணீரை உங்கள் தெருக்காரர்களுக்கே கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டிய பகுதி

நிறைந்த பெட்ரோல் டேங்கர் ஓடும்போது எரிய வேண்டுமானால் கவிழ வேண்டும், கசிய வேண்டும், பொறி வேண்டும். ஆபத்து உண்டு, ஆனால் அதற்கென்று காவல்கள் இருக்கின்றன: டேங்கின் அடியில் இருக்கும், தூரத்திலிருந்து இழுத்து மூடக்கூடிய ஃபுட் வால்வு, சைலன்சரில் பொறி தடுப்பான், எர்த்திங். பொதுவாக யாரும் பயப்படாதது காலி டேங்கர். அதுவும் கொல்லும்.

பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். அதற்குக் கீழே ஆவி போதாது, அதற்கு மேலே காற்று போதாது. நிறைந்த டேங்கின் மேலிடத்தில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் உள்ளே பற்றாது. காலி செய்து மூடியைத் திறந்தவுடன் காற்று புகுந்து அந்த ஆபத்தான எல்லைக்குள் கலவை இறங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 200 லிட்டர் ஆவி. 4,000 லிட்டர் அறையின் அடியில் ஒரு பெரிய டம்ளர் அளவு பெட்ரோல் தங்கியிருந்தாலே அறை முழுவதும் வெடிக்கும் கலவை ஆகிவிடும். இந்த ஆவி காற்றைவிட கனம், மேலே திறந்த மேன்ஹோல் வழியாகத் தானாகப் போகாது, அடியில் படுத்துக் கிடக்கும்.

அதில்தான் உங்கள் புரோக்கர் இரண்டு பையன்களை இறக்கச் சொல்கிறார். பொறி எதுவும் வேண்டாம், ஆவியே போதும். இரண்டு மூச்சில் தலை சுற்றும், கால் மடங்கும். மேலே நிற்பவன் பதறி இறங்குவான், அவனும் விழுவான். இப்படித்தான் ஒரு டேங்கில் இரண்டு பேர், மூன்று பேர் என்று போகிறார்கள். மாதக் கணக்கில் மூடிக் கிடந்த தண்ணீர் டேங்கும் இதே கதைதான். இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே யாரும் உள்ளே போகக் கூடாது. மூக்கு இதைக் கண்டுபிடிக்காது, மீட்டர்தான் கண்டுபிடிக்கும்.

முறைப்படி செய்தால் வரிசை இப்படி இருக்கும். எல்லா அறையையும் குழாயையும் முழுக்க வடித்து, மேன்ஹோல்களையும் அடி வால்வுகளையும் திறந்து, ஒவ்வொரு அறைக்கும் நீராவி அடித்து, ஆறவிட்டு, காற்றை அடிவரைக்கும் ஊதி, பிறகு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில் பார்க்க வேண்டும். எரியும் ஆவி பூஜ்யம், ஆக்சிஜன் 20.9 என்று வந்த பிறகு, இடுப்பில் கயிறு, வெளியே ஒரு காவல் ஆள், உள்ளே காற்று ஓடிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. வெல்டிங் என்றால் வாயு நீக்கிய சான்று கையில் இல்லாமல் தொடக் கூடாது. மற்ற அறைகளும் குழாயும் சேர்ந்துதான் சுத்தமாக வேண்டும், பழுது பார்க்கும் அறை மட்டும் போதாது. பொன்னேரி ரோட்டோரப் பட்டறையில் “தண்ணி ரொப்பிட்டு வெல்டு வைக்கலாம்” என்பார்கள். தண்ணீர் ரொப்பாத மூலையில்தான் ஆவி நிற்கும்.

அந்தப் பையன்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால், கூலிக்கு அழைத்தவர் என்ற முறையில் தொழிலாளர் இழப்பீடு உங்கள் பொறுப்பு. கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் வழக்கும் வரும், 5 வருடம் வரை சிறை. “அவங்களே சம்மதிச்சுத்தான் இறங்கினாங்க” என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அனுபவமுள்ள டேங்கர் டிரைவர்களே சிலர் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். பெட்ரோல் இறக்கிய அறையில் அடுத்த லோடு டீசல் ஏற்றுவது. டீசல் தானாக எளிதில் பற்றாது என்ற தைரியம். ஆனால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியை டீசல் உறிஞ்சத் தொடங்கும்போது அடர்த்தி குறைந்து, பற்றும் எல்லைக்குள் இறங்கும். அதே நேரம் குழாயில் வேகமாக ஓடும் டீசல் நிலை மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு வரும். பற்றும் கலவையும் பொறியும் ஒரே இடத்தில். அதனால்தான் முதலில் எர்த் கிளாம்ப், குழாய் முனை சரக்கில் மூழ்கும் வரை மெதுவான ஓட்டம், ஏற்றி முடித்ததும் சில நிமிடம் பொறுத்துத்தான் டிப் ராடு (சரக்கின் அளவு பார்க்கும் கம்பி) உள்ளே போக வேண்டும் என்கிற விதியெல்லாம். இவை சம்பிரதாயத்துக்கு எழுதியவை இல்லை.

பெயர் மாற்றாமல் ஓட்டுவது

ஆறு மாதம் என்பது பேச்சே இல்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. “விபத்து நடந்தால் பழைய ஓனர்தானே மாட்டுவார், நமக்கென்ன” என்று நினைக்காதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். வண்டி எரிந்து போனால் சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு உங்களுக்கு வராது, பாலிசி உங்கள் பெயரில் இல்லை. பழைய ஓனரின் ஃபைனான்ஸ் பாக்கிக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் உங்களால் தடுக்க முடியாது. வேறு வழக்கில் அவர் சொத்து ஜப்தியானாலும் வண்டி போகும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வண்டியோடு வந்துவிட்டதாகச் சட்டம் கருதும். அதையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

ஆர்.சி. ஒன்றோடு முடியவில்லை. பெட்ரோலிய டேங்கருக்கு வெடிபொருள் துறை, அதாவது பெசோ, கொடுக்கும் உரிமம் தனி. லாரி வட்டாரத்தில் ‘எக்ஸ்புளோசிவ் லைசென்ஸ்’ என்கிறார்களே, அதுதான். அது அந்த டேங்கின் வரைபடத்துக்கும் அந்த உரிமையாளருக்கும் கொடுத்தது. கைமாறினால் உங்கள் பெயருக்கு மாற்றியாக வேண்டும். டேங்கின் கொள்ளளவையும் டிப் ராடையும் எடையளவுத் துறை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) வருடா வருடம்.

ஆயில் கம்பெனி கான்ட்ராக்ட் வண்டியோடு வரும் என்பது பொய், அல்லது புரோக்கருக்கே புரியாத விஷயம். டெண்டரில் கலந்து எடுத்த டிரான்ஸ்போர்ட்டருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் அது. வண்டி கைமாறினால் உங்களிடம் வந்து ஒட்டிக்கொள்ளாது. புது டெண்டரில் வண்டியின் வயதுக்கு வரம்பு இருக்கும், 2014 மாடல் அதில் தேறுமா என்று டெண்டர் ஆவணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அதோடு, இது கான்ட்ராக்ட் முடிந்து வெளிவந்த வண்டியா, கழற்றி விடப்பட்ட வண்டியா என்று கேளுங்கள். சரக்குத் திருட்டிலோ கலப்படத்திலோ சிக்கிக் கறுப்புப் பட்டியலில் ஏறிய வண்டியை ஒரு கம்பெனி ஒதுக்கினால் மற்ற ஆயில் கம்பெனிகளும் தொட மாட்டார்கள்.

‘மிச்சம் பிடிப்பது’ என்ற கொசுறு ஆலோசனைக்கு ஒரு பத்தி போதும். சரக்கை ஒப்படைத்து நம்பிய இடத்தில் வண்டிக்காரர் கைவைத்தால் அது சாதாரணத் திருட்டைவிடக் கடுமையானது, 7 வருடம் வரை சிறை. நேர்மையான ஷார்டேஜ் வேறு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், டிரைவராக இருந்தாலும் உதவும். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். மதியம் சூட்டில் ஏற்றிய 12,000 லிட்டர், இரவில் 5 டிகிரி குறைந்து இறங்கினால் 60 லிட்டர் குறைவாகத் தெரியும். யாரும் எடுக்கவில்லை, சுருங்கியிருக்கிறது. அதனால் லிட்டரை மட்டும் பார்த்துச் சண்டை போடாமல் வெப்பநிலையையும் அடர்த்தியையும் சேர்த்துப் பாருங்கள். 15 டிகிரிக்குத் திருத்திய அடர்த்தி, சலானில் உள்ளதற்கு 3 புள்ளி (கன மீட்டருக்கு 3 கிலோ) முன்பின் இருந்தால் சரக்கு அதேதான். ஏற்றும் இடத்தில் டிப், வெப்பநிலை, அடர்த்தி மூன்றையும் சலானில் எழுதி வாங்காத டிரைவரின் சம்பளத்தில்தான் ஷார்டேஜ் பிடிப்பார்கள்.

உங்கள் லைசென்ஸ்

17 வருட அனுபவம் இருந்தாலும் ஆபத்தான சரக்கு ஓட்ட உங்கள் ஹெவி லைசென்ஸில் தனிக் குறிப்பு ஏற வேண்டும். அதற்கு அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் மூன்று நாள் வகுப்பு. ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ளுங்கள். வண்டியில் வைத்திருக்க வேண்டிய ட்ரெம் கார்டை (விபத்தில் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை) அவசரத்தில் படிக்கப் போவது நீங்கள்தான். டேங்கின் இரண்டு பக்கமும் பின்னாலும் உள்ள பலகையில் பெட்ரோல் என்றால் 1203, டீசல் என்றால் 1202, கந்தக அமிலம் என்றால் 1830 என்று எண் இருக்கும். விபத்து நடந்தால் தீயணைப்பு வீரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆசிட் ஏற்றிக்கொண்டு 1203 பலகையோடு போகும் வண்டி, காப்பாற்ற வருபவரையே ஏமாற்றும். லைசென்ஸில் அந்தத் தனிக் குறிப்பு இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி பிடிக்கும் முதல் பிடியும் இதுதான்.

இனி என்ன செய்யலாம்

எனக்குச் சரியென்று படும் வழி: மூன்று நாள் வகுப்பை முடித்து, லைசென்ஸில் குறிப்பு ஏற்றி, ஒரு வருடம் வேறொருவரின் டேங்கரைச் சம்பளத்துக்கு ஓட்டுங்கள். எந்தச் சரக்குக்கு வருடம் முழுவதும் லோடு இருக்கிறது, எத்தனை நாள் கியூவில் நிற்கிறது, பில் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பது கேபினில் உட்கார்ந்தால்தான் தெரியும். நகையும் வீட்டில் இருக்கும். அதற்குப் பிறகு, சரக்கு கொடுப்பவரின் கடிதம் கையில் இருந்தால், அந்தச் சரக்குக்கான வண்டியைத் தேடுங்கள். தண்ணீர் என்றால் முதல் நாளிலிருந்து தண்ணீர் மட்டுமே ஓடிய வண்டி.

சேஸிஸ் நன்றாக இருக்கிறது, விடமாட்டேன் என்றால், டேங்கைக் கழற்றிவிட்டு வேறு டேங்க் ஏற்றுவதும் ஒரு வழி. பெசோ உரிமத்தை ஒப்படைத்து, ஆர்.டி.ஓ.விடம் மாற்றத்துக்கு முன் அனுமதி வாங்கி, வாயு நீக்கிய பிறகே வெட்ட வேண்டும். அப்படியென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியது சேஸிஸ் விலை, 8.5 லட்சம் இல்லை.

பெட்ரோலிய வண்டியாகவே வாங்குவதானால் பார்க்க வேண்டிய இடம் டேங்கின் அடி. பெட்ரோலில் கலந்து வரும் தண்ணீர் கீழே தங்கும், அங்கேதான் அரிக்கும். அடித்தட்டிலும், டேங்க் சேஸிஸில் உட்காரும் சேடில் ஓரத்திலும் ஒட்டுப்போட்ட வெல்டிங் தெரிகிறதா பாருங்கள். இன்னொரு சோதனையை விற்பவரின் செலவிலேயே கேளுங்கள்: வாயு நீக்கிய பிறகு நடு அறையில் மட்டும் தண்ணீர் நிரப்பி, மற்ற இரண்டையும் காயவிட்டு, ஒரு இரவு நிறுத்துங்கள். காலையில் நடு அறையின் டிப் குறைந்து பக்கத்து அறையின் அடி ஈரமாக இருந்தால், தடுப்புத் தகடு ஓட்டை. பெட்ரோலும் டீசலும் ஒன்றாக ஏற்றினால் இரண்டும் கலந்துவிடும் வண்டி அது. பல லட்சம் ரூபாய் சரக்குக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் பற்றி: ரசீது இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஜிபே பதிவே சாட்சி. கான்ட்ராக்ட் வரும் என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். தவறான தகவல் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்த பேரத்தை ரத்து செய்யும் உரிமை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. தொலைபேசியில் பேசாமல், பணம் யாருக்குப் போனதோ அவருக்கும் புரோக்கருக்கும் இப்படி எழுதி அனுப்புங்கள்: “வண்டிக்கு நான் அனுப்பிய 25,000 ரூபாய் அட்வான்ஸ் தொடர்பாக. ஆர்.சி., ஃபைனான்ஸ் முடிந்ததற்கான படிவம் 35 மற்றும் என்.ஓ.சி., நடப்பு பெசோ உரிமம் வரைபடத்துடன், எடையளவு முத்திரைச் சான்று, ஆயில் கம்பெனி கான்ட்ராக்ட் எனக்கு மாறும் என்பதற்குக் கம்பெனியின் கடிதம், இவற்றை ஏழு நாளில் அனுப்பவும். இல்லையென்றால் பேரம் ரத்து, பணத்தைத் திருப்பித் தரவும்.” கடைசிக் கடிதம் வராது. எட்டாவது நாள் ஒரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் செலவுக்குக் கையில் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நோட்டீஸ் போனதும் பணம் வந்துவிடும், வராவிட்டாலும் 25,000-உடன் போகட்டும்.

அதுவரை ‘சும்மா உள்ளே எப்படி இருக்குன்னு பார்க்கலாம்’ என்றுகூட அந்த இரண்டு பையன்களையும் வண்டிப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்.